நிலத்தின் விலையும் வாழிடத்தின் மதிப்பும்: ஜொகூர் மாநில வீடமைப்பை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

ஜொகூர் பாருவின் வடபுறத்தே அமைந்த மவுண்ட் ஆஸ்டின் பகுதியை இன்று அறியாதார் அரிது. உணவகங்களும் வணிக வளாகங்களும் வரிசை வீடுகளும் நிறைந்த அப்பகுதியின் பெயர், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு உருவான ரப்பர் தோட்டமொன்றின் பெயராகும். ஸ்கூடாய் வட்டாரத்தின் முத்தியாரா ரினி குடியிருப்பும் அவ்வாறே ரினி தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வீடமைப்புப் பகுதிகளின் பெயரிலிருந்து ‘தோட்டம்’ எனும் சொல் உதிர்ந்துவிட்டது. தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் மட்டும் அது எஞ்சியிருக்கிறது. மவுண்ட் ஆஸ்டின் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி என்னும் பெயர்களைக் கேட்கும் இன்றைய மாணவர் பலர், தோட்டம் எங்கே என்று வினவுவது இயல்பே.

இவ்வினாவுக்கு விடை காணப் புகின், நிலச்சொத்தின் மதிப்பு எவ்வாறு உருவாகிறது, அம்மதிப்பு யாரைச் சென்றடைகிறது என்னும் பொருளியல் வினாக்களை நாம் எதிர்கொள்ள நேர்கிறது. வீடமைப்பு, நிலமதிப்பு, நீடித்த நகர வளர்ச்சி ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கும் புதிய அணுகுமுறைகளை ஜொகூர் மாநிலத்தின் பட்டறிவோடு பொருத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தோட்ட நிலம் நகர நிலமாக மாறியபோது அதன் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. ஆயின், அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர்க்கு அவ்வுயர்வில் பங்கு கிட்டவில்லை. இது தனிமனிதர் சிலரது மனக்கடினத்தால் நேர்ந்ததன்று. மதிப்பைக் கணிக்கும் முறையிலும் சட்டத்தின் அமைப்பிலுமே இதன் வேர் உள்ளது. அவ்வேரைக் காணாது எழுப்பப்படும் ‘பசுமை நகர்’ எதுவும் பழைய பிழையையே மீண்டும் செய்யும் என்பது நமது கருத்து.

விலையும் மதிப்பும்

தமிழில் ‘மனை’ என்னும் சொல் வீட்டையும் குறிக்கும். வீடு கட்டுதற்குரிய நிலத்தையும் குறிக்கும். ‘இல்’ என்பதோ இடத்தோடு இல்வாழ்க்கையையும் சேர்த்தே உணர்த்துவது. நிலம், கட்டடம், வாழ்வு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை என்னும் உணர்வு இச்சொற்களில் பொதிந்துள்ளது. இன்றைய நிலச்சொத்துத் துறை இம்மூன்றையும் பிரித்தே நோக்குகிறது. அது கணிப்பது, சந்தையில் விருப்பமுள்ள ஒருவர் விற்க, விருப்பமுள்ள மற்றொருவர் வாங்கும் விலையை மட்டுமே.

சந்தை மதிப்பைக் கணிக்க மதிப்பீட்டாளர்கள் கையாளும் முறைகள் பல. அண்மையில் விற்கப்பட்ட ஒத்த சொத்துகளோடு ஒப்பிடுவது ஒரு முறை. கிடைக்கும் வாடகையைக் கொண்டு கணிப்பது மற்றொரு முறை. மேம்பாட்டுக்குரிய நிலத்திற்குப் பெரிதும் பயன்படுவது எஞ்சுமதிப்பு முறையாகும். விளக்கத்திற்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு தோட்ட நிலத்தில் வீடுகள் கட்டி விற்றால் 100 மில்லியன் ரிங்கிட் கிடைக்கும் எனக் கருதுவோம். கட்டுமானம், சாலை, வடிகால், வட்டி, மேம்பாட்டு நிறுவனத்தின் இலாபம் ஆகியவற்றுக்கு 80 மில்லியன் கழிந்தால், எஞ்சும் 20 மில்லியனே நிலத்தின் மதிப்பாகும்.

இக்கணக்கில் அந்நிலத்தின் லயங்களில் வாழும் மக்கள் எங்கு இடம்பெறுகின்றனர் என்பது நோக்கத்தக்கது. அவர்களை இடம்பெயர்க்க ஒரு மில்லியன் செலவாகும் எனில், அத்தொகை நிலமதிப்பிலிருந்து கழிக்கப்படும். அதாவது, நிலத்தைக் காடழித்துப் பண்படுத்தி, கோயிலும் பள்ளியும் எழுப்பி, அதனை ஊராக்கிய மக்கள் இக்கணக்கில் கழித்தற்குறிக்குப் பின்னரே தோன்றுகின்றனர். அவர்களுக்கு அளிப்பது குறையுந்தோறும் நிலத்தின் மதிப்பு கூடும். கணக்கு முறை தவறன்று. அதற்கு இடப்பட்ட வினாவே குறையுடையது.

லயத்திலிருந்து தாமானுக்கு

ஜொகூரின் நிலவரலாறு நிலப்பயன்பாட்டு மாற்றங்களின் வரலாறாகும். 1855இல் தஞ்சோங் புத்திரி எனும் பெயரில் தொடங்கப்பட்ட குடியேற்றம் 1866இல் ஜொகூர் பாரு எனப் பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் ஆற்றங்கரைகளில் சீனர்கள் ‘கங்சூ’ முறையில் கம்பிரும் மிளகும் பயிரிட்டனர். அம்முறை 1917இல் ஒழிக்கப்பட்டதாயினும், கங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்களில் அதன் சுவடு இன்றும் காணப்படுகிறது. அதனைத் தொடர்ந்து ரப்பரும், பின்னர்ச் செம்பனையும் மாநிலத்தின் நிலப்பரப்பைப் பற்றிக்கொண்டன. ரப்பரோடு தமிழர் குடியேற்றமும் பெருகியது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்தபோது, தோட்டங்களில் நிலையான தமிழ்ச் சமுதாயம் ஒன்று ஏற்கெனவே உருவாகியிருந்தது.

அச்சமுதாயத்தின் வாழிடம் லயம். லயத்தின் பண்புகளுள் முதன்மையானது அதன் சிறிய பரப்போ தகரக் கூரையோ அன்று. வேலையோடு வீடு பிணைக்கப்பட்டிருந்தமையே ஆகும். வேலை உள்ளவரை வீடு உண்டு. வேலை நீங்கின் வீடும் நீங்கும். முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவருக்கும் ஓய்வுபெறும் நாள், குடியிருப்பை இழக்கும் நாளாகவும் அமையக்கூடியதாயிற்று. வாடகை இல்லாமை அக்காலத்தில் ஒரு சலுகையாகவே கருதப்பட்டது. ஆயின் வாடகைச் சீட்டு இல்லாத இடத்தில் வாடகையாளருக்குரிய உரிமையும் இல்லை என்பது தோட்டம் விற்கப்பட்ட பின்னரே பலருக்கும் புலனாயிற்று.

1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடல் இதன் முதல் பெரும் அதிர்ச்சியாகும். ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதியது நம் நாட்டு நிலப்பொருளியல் ஆய்வில் குறிப்பிடத்தக்கதாகும். 1966ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம் வீட்டின் தரத்தை வரையறுத்தது. அதற்கு மாற்றாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் திருத்தப்பெற்று, 2020 ஜூன் முதல் பிற துறைகளின் தொழிலாளர்க்கும் விரிந்தது. எனினும், தரத்தைப் பற்றிப் பேசிய சட்டம் உரிமையைப் பற்றிப் பேசவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. தேசிய நிலச் சட்டத்தில் 1972இல் சேர்க்கப்பட்ட 214அ பிரிவு, 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றவும் பிரிக்கவும் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என வகுத்தது. நிலம் துண்டாவதைத் தடுப்பதற்கான முயற்சி அது. மக்கள் சிதறுவதைத் தடுப்பதற்கான கருவியாக அது வளரவில்லை.

இரண்டாம் அலை, நகரமயத்தால் எழுந்தது. 1994இல் ஜொகூர் பாரு மாநகரத் தகுதி பெற்றது. 1998இல் சிங்கப்பூருக்கான இரண்டாம் இணைப்புப் பாலம் திறக்கப்பட்டது. அப்பாலத்தையொட்டி, பெரும்பகுதி ரப்பர், செம்பனைத் தோட்டங்களாக இருந்த நிலப்பரப்பில் நுசாஜெயா நகர் திட்டமிடப்பட்டது. இன்று அது இஸ்கந்தர் புத்திரி எனப்படுகிறது. 2006 நவம்பரில் ஏறத்தாழ 2,217 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் இஸ்கந்தர் மேம்பாட்டு மண்டலம் தொடங்கப்பெற்றது. அதனை அடுத்த சில வாரங்களிலேயே, 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும், ஜொகூரைப் பெருவெள்ளம் தாக்கியது. நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் துயர்நீக்க மையங்களுக்குச் செல்ல நேர்ந்தது. நிலம் விலைப்பொருளாவதற்கு முன்னர் அது நீரை ஏற்கும் பரப்பாகவும் இருக்கிறது என்பதை அவ்வெள்ளம் நினைவூட்டியது.

மதிப்பு உயர்வில் பங்குபெறுவோர்

விவசாய நிலம் கட்டட நிலமாகும்போது மதிப்பு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதைச் சட்டநோக்கில் காண்போம். தேசிய நிலச் சட்டம் நிலப்பயன்பாட்டை விவசாயம், கட்டடம், தொழில் என மூவகைப்படுத்துகிறது. ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாற்ற, 124ஆம் பிரிவின்கீழ் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். அதற்கு ஈடாக நில உரிமையாளர் மாநில அரசுக்கு ஒரு கட்டணம் செலுத்துகிறார். ஒரு கையெழுத்தால் நிலத்தின் மதிப்பு உயர்கிறது. அவ்வுயர்வு உரிமையாளருக்கும் அரசுக்கும் இடையே பிரிகிறது. அந்நிலத்தில் குடியிருப்போர் இவ்வுறவில் இடம்பெறுவதில்லை.

பொதுத் தேவைக்காக அரசே நிலத்தை எடுக்கும்போதும் நிலைமை இதுவே. 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், இழப்பீடு கோரும் தகுதியுடையோரை வரையறுக்கும்போது, உரிமையாளரின் விருப்பம் உள்ளவரை மட்டும் குடியிருப்போரை வெளிப்படையாக நீக்கிவிடுகிறது. தோட்டத் தொழிலாளரின் நிலை இதனினும் மெலிது. அவர் வேலைக்காகத் தங்க அனுமதிக்கப்பட்டவரேயன்றிக் குத்தகையாளர் அல்லர். எனவே, அவர் பெறும் எதுவும் ‘உரிமை’யாக அன்றிக் ‘கருணைத் தொகை’யாகவே பெயர் பெறுகிறது. சொல்லிலேயே முடிவு அடங்கிவிடுகிறது.

ஜொகூருக்கே உரிய மற்றொரு கூறும் உண்டு. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், மதிப்பீட்டு வரியை ஆண்டு மதிப்பின் அடிப்படையிலோ மேம்படுத்தப்பட்ட மதிப்பின் அடிப்படையிலோ விதிக்க இடமளிக்கிறது. தீபகற்பத்தின் பிற மாநிலங்கள் ஆண்டு மதிப்பை, அதாவது ஓராண்டு வாடகையை, அடிப்படையாகக் கொள்கின்றன. ஜொகூர் மாநிலம் மேம்படுத்தப்பட்ட மதிப்பை, அதாவது நிலமும் கட்டடமும் சேர்ந்த சொத்தின் சந்தை மதிப்பை, அடிப்படையாகக் கொள்கிறது. இதன் விளைவு ஆழ்ந்து நோக்கற்பாலது. சுற்றுப்புறத்தில் புதிய வணிக வளாகமோ தொடர்வண்டி நிலையமோ வருமாயின், அங்கு நெடுநாள் வாழ்ந்துவரும் ஓய்வூதியரின் வீட்டு மதிப்பும் மறுமதிப்பீட்டில் உயர்கிறது. வீட்டை விற்காதவரை அவ்வுயர்வு அவர் கைக்கு வருவதில்லை. வரியோ கைப்பணத்திலிருந்தே செல்ல வேண்டும். சிங்கப்பூருக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையிலான விரைவுத் தொடர்வண்டித் திட்டமும், 2025 ஜனவரியில் ஒப்பந்தமான ஜொகூர்-சிங்கப்பூர்ச் சிறப்புப் பொருளியல் மண்டலமும் நிலமதிப்பை உயர்த்தும் ஆற்றலுடையவை. மதிப்பு உயர்வை வாழ்த்துச் செய்தியாக மட்டும் கருதுவோர் இவ்விரு பக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மலிவு விலை வீடும் மறைமுகச் செலவும்

தோட்டத்தினின்று வெளியேறிய குடும்பங்கள் பல மலிவு விலை வீடுகளையே நாடின. 1980களில் மேம்பாட்டு நிறுவனங்கள் தம் வீடமைப்புத் திட்டங்களில் 30 விழுக்காட்டை மலிவு விலை வீடுகளாகக் கட்ட வேண்டும் என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அத்தகைய வீட்டின் உச்ச விலை 25,000 ரிங்கிட்டாக இருந்தது. 1998இல் அது இடத்திற்கேற்ப 25,000 முதல் 42,000 ரிங்கிட் வரை என மாற்றப்பட்டது. இக்கொள்கையால் பல்லாயிரம் குடும்பங்கள் முதன்முறையாகத் தம் பெயரில் வீடு பெற்றன என்பதை மறுத்தற்கில்லை. ஐந்தடி முற்றமும் மேய்ச்சல் நிலமும் இல்லாவிடினும், ஒருவரும் வெளியேற்ற இயலாத நான்கு சுவர்கள் அவர்களுக்குப் பேறாகவே அமைந்தன.

இருப்பினும், விலையை மட்டும் கட்டுப்படுத்திய கொள்கை, இடத்தையும் பராமரிப்பையும் போதிய அளவு கருதவில்லை. மலிவு நிலம் பெரும்பாலும் நகரின் விளிம்பிலேயே கிடைக்கும். வீட்டுத் தவணையில் மிஞ்சியது, மோட்டார் சைக்கிளின் பெட்ரோலிலும் பேருந்துக் கட்டணத்திலும் கரைந்தது. விடியுமுன் புறப்பட்டு, கடற்பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்து, இரவில் வீடு திரும்பும் பெற்றோரின் பிள்ளைகளை நம் ஆசிரியர்கள் நன்கறிவர். அவர்களுடைய வீட்டின் உண்மையான விலையில் அப்பயண நேரமும் அடங்கும்.

அடுக்குமாடியில் கூட்டுச் சொத்தின் பராமரிப்பு மற்றொரு சிக்கலாகும். மின்தூக்கி, நீர்த்தொட்டி, கூரை ஆகியவை அனைவர்க்கும் பொதுவானவை. 1985ஆம் ஆண்டின் அடுக்குடைமைச் சட்டமும் 2013ஆம் ஆண்டின் அடுக்குடைமை நிருவாகச் சட்டமும் இவற்றுக்கான அமைப்புகளை வகுத்துள்ளன. ஒரு சிலர் மாதக் கட்டணம் செலுத்தாவிடின் மின்தூக்கி நிற்கிறது. நின்றபின் ஏனையோரும் செலுத்தத் தயங்குகின்றனர். நாளடைவில் கட்டடத்தின் மதிப்பு தாழ்கிறது. தோட்டத்தில் நிருவாகம் செய்த பராமரிப்பை இங்கு மக்களே கூடிச் செய்ய வேண்டியிருந்தும், அதற்குரிய பயிற்சி அவர்களுக்கு அளிக்கப்படவில்லை.

வீடு போதாமைக்கு நடுவே வீடுகள் விற்காமல் கிடப்பதும் ஜொகூரின் முரண்களுள் ஒன்று. கட்டி முடிக்கப்பெற்று, விற்பனைக்கு வந்து ஒன்பது மாதங்களுக்கு மேலாகியும் விற்கப்படாத வீடுகளைத் தேக்க வீடுகள் என்பர். அண்மைக் காலத்தில் பல ஆண்டுகள் இத்தேக்கத்தில் முன்னணியில் நின்ற மாநிலங்களுள் ஜொகூரும் ஒன்றாகும். வீட்டு விலை குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்குள் இருப்பின் அது வாங்கத்தக்கது என்னும் அளவுகோலைக் கசானா ஆய்வுக் கழகம் 2015இல் வெளியிட்ட அறிக்கையில் எடுத்தாண்டது. உள்ளூர் வருமானத்தை நோக்கிக் கட்டாமல், எல்லைக்கு அப்பாலுள்ள முதலீட்டை நோக்கிக் கட்டுவதால் இம்முரண் தோன்றுகிறது எனலாம்.

நீடித்த வளர்ச்சி: எதை நீடிக்கச் செய்வது?

எதிர்காலத் தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராமல் இன்றைய தேவையை நிறைவு செய்வதே நீடித்த வளர்ச்சி என்பது 1987ஆம் ஆண்டின் புருண்ட்லாண்ட் அறிக்கை தந்த விளக்கமாகும். 2015இல் ஐக்கிய நாட்டு அவை ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் 11ஆவது, நகரங்களையும் குடியிருப்புகளையும் பற்றியது. ஜொகூர் இத்துறையில் பின்தங்கியதன்று. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சப்பானிய ஆய்வு நிறுவனங்களும் இணைந்து உருவாக்கிய இஸ்கந்தர் மலேசியா குறைகரிமச் சமுதாயத் திட்டவரைவு 2012இல் டோஹா பருவநிலை மாநாட்டில் வெளியிடப்பட்டது. 2005ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு, 2025க்குள் கரிம உமிழ்வுச் செறிவை 58 விழுக்காடு குறைப்பது அதன் இலக்காகும். தொடக்கப்பள்ளி மாணவர்க்கான சூழல்வாழ்வுப் போட்டியும் அதன் தொடர்பில் 2013 முதல் நடத்தப்பட்டது.

எனினும், ‘பசுமை’ எனும் அடைமொழி மட்டுமே நகரை நீடிக்கச் செய்வதில்லை என்பதற்கும் ஜொகூரிலேயே சான்று உண்டு. கேலாங் பாத்தாவை அடுத்த கடலில் நான்கு செயற்கைத் தீவுகளில் ஏறத்தாழ 700,000 பேர் வாழ்வதற்கெனத் திட்டமிடப்பட்ட ஃபாரஸ்ட் சிட்டி, செடிகொடிகள் படர்ந்த கட்டடங்களைக் கொண்ட எதிர்கால நகராக 2010களின் நடுவில் அறிமுகப்படுத்தப்பட்டது. அக்கடற்பகுதி, கடற்புல் வெளிகளும், 2003இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட பூலாய் ஆற்று முகத்துவாரமும் சார்ந்த இடமாகும். வெளிநாட்டு வாங்குநரையே பெரிதும் நம்பிய அத்திட்டம், சீன நாட்டின் முதலீட்டுக் கட்டுப்பாடுகளாலும் பின்னர்ப் பெருந்தொற்றாலும் தளர்ந்தது. குடியேறியோர் திட்டமிட்ட தொகையில் மிகச் சிறு பகுதியினரே. 2023இல் அது சிறப்பு நிதி மண்டலமாக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. வாழ்வோர் இல்லாத வீடு, எத்துணைப் பசுமை பூண்டிருப்பினும், நிலத்தையும் கடலையும் செலவிட்டதற்கு ஈடாகாது.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவு கொட்டப்பட்டபோது 111 பள்ளிகள் மூடப்பட்டன. அங்கு வாழ்வோர் பெரும்பாலும் தொழிற்பேட்டைகளை அண்டி வீடு வாங்கக்கூடிய வருமானத்தினர். தூய காற்று வீட்டு விலைப்பட்டியலில் தனியாகக் குறிக்கப்படுவதில்லை. குறைந்த விலையில் அதன் இன்மை மறைந்திருக்கிறது.

புதிய அணுகுமுறைகளும் அவற்றின் பழைய வேர்களும்

நிலமதிப்பின் உயர்வைச் சமுதாயமே உருவாக்குவதால், அது சமுதாயத்திற்கே பயன்பட வேண்டும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே ஹென்றி ஜார்ஜ் முன்வைத்த கருத்தாகும். எபனேசர் ஹோவர்ட் 1898இல் வெளியிட்ட தோட்ட நகர்க் கோட்பாடு, நகரின் நிலம் முழுவதும் பொது உடைமையாக இருந்து, உயரும் வாடகை ஊருக்கே திரும்ப வேண்டும் என வலியுறுத்தியது. ‘தோட்ட நகர்’ என்பதில் நம்மவர் மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு நிலவுடைமைக் கூற்றை விட்டுவிட்டனர்.

இவ்வழியில் இன்று பெரிதும் பேசப்படுவது சமுதாய நில அறக்கட்டளை முறையாகும். இதில் நிலம் அறக்கட்டளையின் உடைமையாகவே நிலைத்திருக்கும். வீடு மட்டும் குடும்பத்திற்கு உரியதாகும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1969இல் கறுப்பின வேளாண் மக்களுக்காக இம்முறை தொடங்கப்பட்டது. அதனை உருவாக்கியோர் வினோபா பாவேயின் கிராமதான இயக்கத்திலிருந்தும் ஊக்கம் பெற்றனர் என்பது இந்தியவியல் மாணவர்க்குச் சுவையான செய்தியாகும். தமிழகத்தில் கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பின், அவ்வியக்க வழிவந்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் 1981இல் நிறுவிய லாஃப்டி அமைப்பு, நிலமற்ற மக்களுக்கு நிலம் பெற்றுத் தந்தது.

இம்முறையில் மறுவிற்பனை எவ்வாறு நிகழும்? ஒரு குடும்பம் 150,000 ரிங்கிட்டுக்கு வாங்கிய வீட்டின் சந்தை விலை 250,000 ரிங்கிட்டாக உயர்வதாகக் கொள்வோம். உயர்வில் கால் பங்கு குடும்பத்திற்கு என விதி இருப்பின், அது 175,000 ரிங்கிட்டுக்கு விற்கும். விற்பவர்க்கும் ஊதியம் உண்டு. அடுத்து வரும் எளிய குடும்பத்திற்கும் வீடு எட்டும் விலையில் நிற்கும். ஒருமுறை அளித்த பொது உதவி பல தலைமுறைக்குப் பயன்படுகிறது. தாய்லாந்தில் 2003இல் தொடங்கிய பான் மங்கோங் திட்டம், குடியிருப்போரே கூட்டுறவாக இணைந்து நிலத்தை வாங்கவோ குத்தகைக்குப் பெறவோ வழிவகுத்ததும் இதனோடு ஒத்ததே.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. செல்வர் தம் வீட்டு விலை உயர்வை முழுமையாகப் பெற, ஏழைக்கு மட்டும் வரம்பு விதிப்பது நீதியா என்பதே அது. இவ்வினாவைப் புறந்தள்ளுதல் ஆகாது. தலைமுறைகளாக மறுக்கப்பட்ட குடும்பத்திற்கு வீடே ஒரே சேமிப்பாகும். ஆகவே, சந்தை விலைக்கு வாங்கிய வீட்டிற்கு அன்றி, பொது நிலத்தாலும் பொது உதவியாலும் விலை குறைக்கப்பட்ட வீட்டிற்கு மட்டுமே இவ்வரம்பு பொருந்தும் எனக் கொள்ளலாம். முன்பு அந்நிலத்திலேயே வாழ்ந்து வெளியேறிய குடும்பங்களுக்கு உயர்வில் கூடுதல் பங்கு அளிப்பதும் நீதியே.

கூட்டாக நிலம் கொள்ளும் எண்ணம் மலேசியத் தமிழர்க்குப் புதியதன்று. துண்டாடலுக்கு மறுமொழியாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் மாதந்தோறும் செலுத்திய 10 வெள்ளியைக் கொண்டு தோட்டங்களை வாங்கியது. தனியொருவரால் இயலாததைப் பல்லாயிரவர் கூடி இயலச் செய்தனர். அதன் நோக்கம் தோட்டத்தை உற்பத்தி நிலமாகக் காப்பதாக இருந்தது. அதே கருத்தை நகர வாழிடத்திற்கு விரித்திருப்போமாயின், இன்றைய நிலை வேறாக இருந்திருக்கலாம்.

இவற்றின் அடிப்படையில் நான்கு பரிந்துரைகளை முன்வைக்கலாம். முதலாவது, தோட்ட நிலத்தின் வகைமாற்றத்திற்கு ஒப்புதல் அளிக்குமுன், அங்கு வாழும் குடும்பங்களின் பதிவேடு ஆயத்தப்படுத்தப்பட வேண்டும். இரண்டாவது, வகைமாற்றக் கட்டணத்தின் ஒரு பகுதி அக்குடும்பங்களின் மறுகுடியமர்வுக்கென அந்த இடத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். மூன்றாவது, மலிவு விலை வீட்டின் தகுதியை விலையால் மட்டும் அளவிடாது, தவணை, பராமரிப்பு, பயணம் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையால் அளவிட வேண்டும். நான்காவது, பள்ளி, கோயில், இடுகாடு ஆகியவற்றின் நிலவுரிமை மேம்பாட்டுத் திட்டத்தின் தொடக்கத்திலேயே முடிவு செய்யப்பட வேண்டும்.

தமிழ்ப்பள்ளியும் நிலவுரிமையும்

இறுதிப் பரிந்துரை தமிழாசிரியர்க்கு நேரடித் தொடர்புடையது. நம் தமிழ்ப்பள்ளிகளுள் பல இன்றளவும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருத்தற்கு, அவை அமைந்த நிலம் அரசுக்கு உரிமையாகாமையே முதன்மைக் காரணமாகும். தோட்டத்தில் மாணவர் குறைந்து பள்ளி வெறிச்சோட, நகரத்துப் பள்ளியில் வகுப்பறை போதாமல் நெருக்கடி ஏற்படுகிறது. வீடமைப்பு மாற்றத்தின் விளைவுகளைப் பள்ளியின் வருகைப் பதிவேடு மற்ற ஆவணங்களுக்கு முன்பே காட்டிவிடுகிறது.

ஜொகூர் பாருவுக்கு அருகே, தோட்டமாக இருந்து வீடமைப்புப் பகுதியான ஓரிடத்தை முதியவர் ஒருவர் நமக்குச் சுற்றிக்காட்டினார். பெரட்டுக் களம் இருந்த இடம் இன்று ஊர்தி நிறுத்துமிடம்; ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் பெட்ரோல் நிலையம். ஒவ்வொன்றையும் அவர் தயக்கமின்றிக் குறிப்பிட்டார். தம் லயம் இருந்த இடத்தில் எழுந்துள்ள வரிசை வீட்டின் இன்றைய விலையையும் அவர் அறிந்திருந்தார். அது அவர் வாழ்நாளில் ஈட்டிய மொத்தக் கூலியினும் மிகுதி. அத்தொகையைக் கூறியபோது அவர் குரலில் சினம் இல்லை. தாம் நட்ட மாமரம் மட்டும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை என்றார்.

இத்தகைய நினைவுகள் நில அலுவலக ஆவணங்களில் இடம்பெறுவதில்லை. மாணவர்கள் தம் பள்ளியின் பெயரிலுள்ள தோட்டத்தின் வரைபடத்தைப் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு வரைந்து தொகுப்பார்களாயின், அது மொழிப்பாடத்திற்கும் வரலாற்றுக்கும் உதவும். இனி வகைமாற்றத்திற்கு வரவிருக்கும் தோட்டங்களில் அவ்வரைபடம் குடியிருப்பின் சான்றாகவும் பயன்படக்கூடும்.

முடிவுரை

ஜொகூரின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி 40 இலட்சத்தை எட்டியுள்ளது. நகரம் மேலும் விரியும். எஞ்சிய தோட்டங்கள் பலவும் மனைகளாகும். அதனைத் தடுப்பது நம் நோக்கமன்று. மாற்றத்தால் எழும் மதிப்பில் அங்கு வாழ்வோர்க்கும் பங்கு உண்டு என்பதைக் கணக்கு முறையிலும் சட்டத்திலும் நிலைநாட்டுவதே வேண்டுவது. கரிம உமிழ்வைக் கணக்கிடக் கற்றுக்கொண்ட நாம், ஓர் ஊர் கலைவதால் ஏற்படும் இழப்பைக் கணக்கிடவும் கற்றுக்கொள்ளலாம். பள்ளிப் பெயர்ப்பலகையைக் காட்டி ‘தோட்டம் எங்கே?’ என்று வினவும் மாணவனுக்கு, தோட்டம் இருந்த இடத்தைக் காட்டுவதோடு, அங்கிருந்தவர்கள் எங்கே சென்றனர் என்பதையும் சொல்லும் பொறுப்பு நமக்கு உண்டு.